பீரோ மட்டும் தெளிவாக விழுந்த படம்

ஞாயிற்றுக்கிழமை, மாலை

என் அன்புச் சின்னவளுக்கு அம்மா எழுதுவது,

நான் நலமாக இருக்கிறேன், என் இரண்டு கண்களும் நலமாக இருக்கின்றன. நீயும் மாப்பிள்ளையும் குட்டியும் அந்தக் குளிரில் சளி, இருமல் எதுவும் அண்டாமல் இருக்க வேண்டும் என்பதுதான் என் அன்றாட வேண்டுதல். கண்களை மட்டும் தனியாகப் பிரித்து எழுதியதற்குக் காரணம் உண்டு. எனக்குப் பார்வை மங்கிவிட்டது, சுவரைத் தடவிக்கொண்டுதான் நடக்கிறேன் என்று உன் சித்தி சொந்தபந்தம் முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறாள். உனக்கும் வந்து சேர்ந்திருக்கும். அது தவறு, இந்தக் கடிதத்தின் முதல் வேலை அதைத் திருத்துவது. என் தங்கை மனதால் கெட்டவள் இல்லை. ஆனால் அவள் காதுக்குள் தும்மலாகப் போகிற செய்தி வாய்வழியாக வெளியே வரும்போது ஆஸ்பத்திரியில் படுத்திருக்கும். முந்தாநாள் தெருவில் தையல்கடைக்காரி என் கையைப் பிடித்துக்கொண்டு, பாத்து வாங்கம்மா, இங்க ஒரு பள்ளம் இருக்கு என்றாள். அந்தப் பள்ளத்தை மூடச் சொல்லி நகராட்சிக்கு எழுதிப் போட்டவளே நான்தான். அவளிடம் அதைச் சொல்லவில்லை, நன்றி சொல்லிவிட்டு வந்தேன், ஆனால் வீட்டுக்கு வந்து வெகுநேரம் பொருமிக்கொண்டிருந்தேன்.

இத்தனைக்கும் தொடக்கம் நீதான் என்பதையும் எழுதிவிடுகிறேன், கோபித்துக்கொள்ளாதே. போன தடவை வந்தபோது, எனக்கு இப்ப ஃபோன்லயே எல்லாம் எடுக்க வருதும்மா, இது உனக்கு என்று சொல்லி அந்தச் சின்ன வெள்ளி நிறக் கேமராவை என் மேஜையில் வைத்துவிட்டுப் போனாய். பிறகு ஃபோனில், வீட்டைப் பாக்கணும் போல இருக்கு, ஒவ்வொரு மூலையா எடுத்து அனுப்பும்மா என்று கேட்டாய். நீ கேட்டு நான் எதை இல்லை என்றிருக்கிறேன். கூடம், சமையலறை, உன் பழைய கட்டில், கொடியில் காயும் துணி, புதிதாக மாற்றிய தண்ணீர்க் குழாய் வரைக்கும் எடுத்து, ஸ்டூடியோவில் கொடுத்துப் பிரிண்ட் போட்டு உறையில் வைத்து அனுப்பினேன். நீ அவற்றைப் பார்த்துவிட்டு என்னிடம், ரொம்ப நல்லா இருக்கும்மா என்றாய். அதே வாயால் உன் அண்ணனிடம், எல்லாம் ஒரே மங்கலா இருக்கு, அம்மா கண்ணு எப்படி இருக்குன்னு கொஞ்சம் பாரேன் என்றாய். அக்கறையில்தான் சொன்னாய், அது எனக்குத் தெரியாதா. ஆனால் உன் அண்ணன் யார், நூல் ஒரு முழம் கொடுத்தால் துணிக்கடையே வைத்துவிடுகிறவன். படம் மங்கல், ஆகவே அம்மாவுக்குக் கண் மங்கல், ஆகவே அடுப்பைச் சரியாக அணைக்க மாட்டாள், ஆகவே தனியாக இருக்கக் கூடாது, ஆகவே வீட்டைக் குடித்தனத்துக்கு விட்டுவிட்டு அவனோடு வந்துவிட வேண்டும். இந்த வேகம் அவனுக்குப் பள்ளிக்கூடத்தில் கணக்குப் பாடத்தில் இருந்திருந்தால் அவன் எங்கேயோ போயிருப்பான்.

என்னை முதலில் கண் மருத்துவரிடம் கூட்டிக்கொண்டு போனான். நல்ல பெண், உன்னைவிடச் சின்னவள். எழுத்துப் பலகையில் கடைசி வரி வரைக்கும் படித்தேன், அதற்குக் கீழே பலகையை அச்சடித்தவர்களின் முகவரி பொடி எழுத்தில் இருந்தது, அதையும் படித்தேன். அவள் சிரித்துவிட்டு, அம்மா, அதை நான் படிக்கச் சொல்லவே இல்லையே என்றாள். முன்பு புரைக்கு ஆபரேஷன் செய்த கண் இரண்டும் நன்றாக இருக்கின்றன, கண்ணாடியைக்கூட மாற்ற வேண்டாம் என்று எழுதியே கொடுத்தாள். வெளியே வந்ததும் உன் அண்ணன், டாக்டருங்க ஆயிரம் சொல்வாங்கம்மா, படம் பொய் சொல்லுமா என்றான். அவன் வீட்டில் எனக்கென்று ஒதுக்கியிருக்கும் அறையை நான் பார்த்துவிட்டுத்தான் வந்தேன். குறை சொல்ல மாட்டேன், சுத்தமான அறை, உன் அண்ணி புதுத் திரைச்சீலை போட்டு வைத்திருக்கிறாள். ஜன்னலைத் திறந்தால் பக்கத்துக் கட்டடத்தின் கழிவுநீர்க் குழாய் தெரிகிறது. நான்காவது மாடி. லிஃப்ட் ஓடுகிற நாளில் ஓடும். அங்கே போனால் நான் நன்றாகத்தான் கவனிக்கப்படுவேன், அதுதான் சிக்கல். இங்கே நான் யாராலும் கவனிக்கப்படாமல் எழுந்து, என் கதவை நானே திறந்து, என் மேஜையில் உட்கார்ந்து செய்தித்தாளில் இருக்கும் பிழைகளைப் பென்சிலால் சுழித்துக்கொண்டு காலை வேளையைக் கழிக்கிறேன். உங்கள் அப்பா போன பிறகு இந்த வாழ்க்கையைப் பழக்கிக்கொள்ள எனக்கு எவ்வளவு பாடு என்பது உனக்குத் தெரியும். பழகியாகிவிட்டது. பழகியது பிடித்தும்விட்டது. அதை ஒரு மங்கலான படத்துக்காக விட்டுக்கொடுக்க நான் தயாராக இல்லை.

அதனால் இந்த வீட்டில் யாரும் செய்யாத ஒரு காரியத்தைச் செய்தேன். கேமராவோடு வந்த கையேட்டைப் படித்தேன். முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை. உன் கையில் அது இத்தனை வருஷம் இருந்திருக்கிறது, பிளாஸ்டிக் உறையைக்கூட நீ கிழிக்கவில்லை, இதை நான் குட்டியிடம் சொல்லத்தான் போகிறேன். பன்னிரண்டாம் பக்கத்தில் என் குற்றம் இருந்தது. படம் எடுக்கும் பொத்தானுக்கு இரண்டு ஆழம் உண்டாம். முதலில் பாதி அழுத்த வேண்டும், அப்போது கேமரா எதை எடுக்கப் போகிறோம், அது எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று தனக்குத்தானே அளந்துகொள்ளும், அதற்குத்தான் ஃபோகஸ் என்று பெயர். அளந்து முடித்ததும் திரையில் பச்சைக் கட்டம் ஒன்று வந்து கீச்சென்று ஒரு சத்தம் கொடுக்கும். அதன் பிறகு மீதிப் பாதியை அழுத்த வேண்டும். நான் என்ன செய்துகொண்டிருந்தேன் என்று நினைக்கிறாய், ஒரே கொத்து. கான்வென்ட்டில் தட்டச்சு சொல்லிக்கொடுத்த சிஸ்டர், விசையை அழுத்தாதே, தடவாதே, கோழி தானியம் கொத்துவது போலக் கொத்தி உடனே விரலை எடு என்று, தயங்குகிற விரலில் ஸ்கேலால் ஒன்று வைப்பார். அந்த ஸ்கேலுக்குப் பயந்து பழகிய விரல் இது. அலுவலகத்தில் தட்டச்சுப் பிரிவை நான் நடத்தியபோது எத்தனை பெண்களுக்கு இதையே சொல்லிக்கொடுத்திருக்கிறேன். கேமரா பாவம், கண்ணைத் திறந்து பார்ப்பதற்குள் நான் தலையில் கொத்தி முடித்திருக்கிறேன், அந்தக் கொத்தில் அது ஆடியும் போயிருக்கிறது. அப்புறம் படம் மங்காமல் என்ன செய்யும். மங்கியது கண் அல்ல, விரல் அதிகப்படியாகக் கற்றிருக்கிறது, அவ்வளவுதான். உன் அண்ணியிடம் ஃபோனில் இதைச் சொன்னேன், அவள் சிரித்து மாய்ந்துபோய், அத்தை, அப்ப நீங்க அதுல படம் எடுக்கல, டைப் அடிச்சிருக்கீங்க என்றாள். வாய் கொஞ்சம் நீளம்தான் அவளுக்கு, ஆனால் சொன்னது சரி.

விரலைத் திருத்த ஒரு வாரம் ஆயிற்று. எதிர்வீட்டுப் பூனையை வைத்துத்தான் பயிற்சி. நம் மதில்மேல் காலையில் ஏறி உட்கார்ந்தால் மாலை வரை ஒரு வேலையும் செய்யாமல் போகிறவர் வருகிறவரை எல்லாம் மேற்பார்வை பார்க்கிற பூனை அது, நான் அதற்கு மேனேஜர் என்று பெயர் வைத்திருக்கிறேன், என் அலுவலகத்து மேனேஜர் சாயலும் உண்டு. முழங்கை இரண்டையும் விலாவோடு ஒட்டிக்கொண்டு, தோளை வாசல் நிலையில் சாய்த்து, மூச்சைப் பாதி விட்டு நிறுத்திப் பாதி அழுத்தினால் மேனேஜர் முகத்தில் பச்சைக் கட்டம் வந்து உட்காரும். பிறகு மெல்ல அழுத்த வேண்டும், பழுத்த பழமா என்று விரலால் பார்ப்பது போல. முதல் மூன்று நாள் பாதி எது, முழுது எது என்று தெரியாமல் பூனை குதித்த பிறகு வெறும் மதிலை எடுத்துக்கொண்டிருந்தேன். நான்காம் நாள் விழுந்தது பார், ஒவ்வொரு மீசை மயிரும் தனித்தனியாக. இன்னொன்றும் கற்றேன், கேமராவின் பின்பக்கத்துச் சின்னத் திரையை நம்பக் கூடாது. அதில் எல்லாப் படமும் அழகாகத்தான் தெரியும், பெரிதாக்கிப் பார்த்தால்தான் சாயம் வெளுக்கும். இதை நீ மனிதர்களுக்கும் வைத்துக்கொள்ளலாம். உன் புது அலுவலகத்துத் தோழியைப் பற்றி இரண்டு கடிதமாகப் புகழ்கிறாய், நல்லவளாகவே இருக்கட்டும், ஆனால் கொஞ்சம் பெரிதாக்கிப் பார்த்த பிறகு வீட்டுச் சாவியைக் கொடு. நிற்க, குட்டிக்கு இன்னும் இடது கையால்தான் எழுத வருகிறது என்று வருத்தப்பட்டிருந்தாய், விட்டுவிடு, கை எதுவானாலும் எழுத்து நேராக இருந்தால் போதும். நீயும் படுத்துக்கொண்டு படிக்காதே. பரம்பரையில் நல்ல கண்கள், கெடுத்துக்கொள்ளாதே.

இனி எழுதப் போவதுதான் முக்கியம், கவனமாகப் படி. பூனை நன்றாக விழுந்ததும் எனக்குத் தலைக்கனம் வந்துவிட்டது. போன மாதம் ஒரு ஞாயிறு உன் அண்ணனும் அண்ணியும் வந்திருந்தார்கள். விடுதியில் தங்கிப் படிக்கும் பேத்திக்குத் தேர்வு, அவள் வரவில்லை. சாப்பிட்டு எழுந்ததும் உன் அண்ணன் அந்தப் பேச்சை மறுபடி எடுத்தான், புதிதாகக் கல்யாணமான ஒரு ஜோடி குடித்தனத்துக்கு வீடு தேடுகிறது, பார்த்துவிட்டுப் போகச் சொல்லட்டுமா என்று. அம்மா, உன் மேல இருக்கிற பயத்துல எனக்கு ராத்திரி தூக்கம் வரலைம்மா என்றான். எனக்குச் சுருக்கென்றது. நான் எழுந்துபோய்க் கேமராவை எடுத்துவந்து, நீங்கள் இரண்டு பேரும் அங்கே நில்லுங்கள், ஒரு படம் எடுக்கிறேன், அது மங்கலாக வந்தால் நான் மறுபேச்சு இல்லாமல் உன்னோடு வந்துவிடுகிறேன், தெளிவாக வந்தால் இந்தப் பேச்சை நீ இனிமேல் எடுக்கக் கூடாது என்று சொன்னேன். உன் அண்ணி, எதுக்கு அத்தை இப்படி ஒரு பந்தயம், வேணாமே என்றாள். உன் அண்ணன், இருக்கட்டும், அம்மாவே சொல்றாங்க இல்ல என்று சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டு போய் நின்றுவிட்டான். உள் அறை வாசலுக்கு முன்னால், கதவு திறந்திருந்தது, அவன் ஒரு பக்கம், அவள் ஒரு பக்கம். நான் கூடத்தின் இந்தக் கோடியில் நிலையில் சாய்ந்து நின்று, முகங்கள் பெரிதாகத் தெரியட்டும் என்று படத்தைக் கிட்டே இழுத்து, மூச்சைப் பிடித்து, பாதி அழுத்தினேன். பச்சைக் கட்டம் வந்தது. சத்தம் வந்தது. மீதியையும் பழம் தொடுவது போல அழுத்தினேன். சின்னத் திரையில் ராஜா ராணி மாதிரி இருந்தார்கள்.

ஸ்டூடியோவிலிருந்து பிரிண்ட் வந்தது. அவன் முகம் கரைந்து கிடந்தது, அவள் முகத்தில் மூக்கு எங்கே கண் எங்கே என்று தேட வேண்டியிருந்தது. அந்தப் படத்தின் பின்பக்கத்தில்தான் ஒன்று என்று எண் போட்டு இந்த உறையில் வைத்திருக்கிறேன். உன் அண்ணன் அதைப் பார்த்துச் சிரிக்கவில்லை, ஜெயித்த முகம்கூடக் காட்டவில்லை, அதுதான் எனக்கு இன்னும் சங்கடம். பாத்தியாம்மா என்று மட்டும் மெதுவாகச் சொன்னான். அந்த வாரமே அந்த ஜோடி வந்து வீட்டைப் பார்த்துவிட்டும் போனது. அந்தப் பெண் என் மேஜை இருக்கும் ஜன்னலைப் பார்த்து, இங்க டிவி வைக்கலாங்க என்றாள். நான் அவர்களுக்குக் குடிக்கத் தண்ணீர் கொடுத்து அனுப்பினேன். சொன்ன சொல் சொன்னதுதான், நான் யாரையும் குறை சொல்லவில்லை. பரணிலிருந்து பெரிய பெட்டியை இறக்கித் துடைத்தும் வைத்தேன். ஆனால் என் மனம் ஒப்பவில்லை. பூனைக்குத் தெளிவாக வந்தது பெற்ற பிள்ளைக்கு ஏன் வரவில்லை. கை ஆடியிருந்தால் படம் முழுக்கக் கோடு இழுத்தது போல மங்கியிருக்க வேண்டும். நான் என் வழக்கமான கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, ஜன்னல் வெளிச்சத்தில், அந்தப் படத்தை மேலிருந்து கீழே, இடமிருந்து வலமாக, பிழை திருத்துவது போலப் பார்த்தேன். அப்போது தெரிந்தது. அவர்கள் இரண்டு பேருக்கும் நடுவில், திறந்த கதவுக்கு அப்பால், உள் அறையில் நம் இரும்பு பீரோ நிற்கிறது இல்லையா, அது கத்தி முனை மாதிரித் தெளிவாக இருந்தது. பூட்டுத் துவாரம் தெரிகிறது. நீ ஆறாம் வகுப்பில் ஒட்டிவிட்டு அடி வாங்கிய கிளி ஸ்டிக்கர் தெரிகிறது, அதன் அலகு கிழிந்திருப்பதுகூடத் தெரிகிறது. கேமரா தன் வேலையைச் சுத்தமாகச் செய்திருக்கிறது. நடுவில் என்ன இருக்கிறதோ அதைத்தான் அது அளக்கும், நடுவில் ஆளே இல்லை, அதனால் பீரோவை அளந்திருக்கிறது. நான் பச்சை வந்ததைப் பார்த்தேன், பச்சை எதன்மேல் வந்தது என்று பார்க்கவில்லை. அலுவலகத்தில் ஒரு பெண் இந்தத் தவறைச் செய்திருந்தால் நான் என்னென்ன சொல்லியிருப்பேனோ அத்தனையும் எனக்கே சொல்லிக்கொண்டேன்.

அடுத்த ஞாயிறு அவர்கள் பெட்டி கட்ட உதவுவதற்காக வந்தார்கள். நான் படத்தை எடுத்து மேஜைமேல் வைத்து, என்ன தெரிகிறது என்று கேட்டேன். உன் அண்ணன், நாங்க மங்கலாத் தெரியறோம், மறுபடி எதுக்கும்மா என்றான். நடுவில் பார் என்றேன். அவன் குனிந்து பார்த்தான், கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தான், அட, கிளி என்றான். பிறகு அவனே கேட்டான், நாங்க ஏன் நடுவுல இவ்வளவு இடம் விட்டு நின்னோம் என்று. இந்தக் கேள்வியை நான் என்னிடம் கேட்டுக்கொள்ளவே இல்லை. உன் அண்ணிதான் பாத்திரத்தைத் துடைத்துக்கொண்டே சொன்னாள், மாமா எப்பவும் நடுவுல நிப்பாரு இல்ல, நாம ரெண்டு பக்கமும் நிப்போம், அதே பழக்கம்தான், அவரு போனப்புறமும் நாம அப்படியேதான நிக்கிறோம் என்று. அவள் அதைச் சாதாரணமாகத்தான் சொன்னாள். உன் அண்ணன் போய்க் குழாயைத் திறந்து முகம் கழுவிவிட்டு வந்தான். நான் பழைய ஆல்பத்தைப் புரட்டிப் பார்த்தேன், உண்மைதான். உன் கல்யாணத்தில், பேத்தி பிறந்தபோது, எல்லாவற்றிலும் அந்த நெட்டை மனிதர் நடுவில், தூண் மாதிரி, நாம் இரண்டு பக்கமும். அவர் போன பிறகு எடுத்த படங்களில் நாம் எல்லோரும் அவரவர் இடத்திலேயே நிற்கிறோம். நடுவில் ஒரு படத்தில் ஜன்னல், ஒரு படத்தில் தண்ணீர்க் குடம்.

இதைச் சாக்காக வைத்து நான் பந்தயத்திலிருந்து நழுவப் பார்க்கவில்லை. முகங்கள் மங்கல் என்றால் மங்கல்தான், நான் தோற்றது தோற்றதுதான். ஆனால் எந்தத் தேர்விலும் மறுமுறை எழுத ஒரு வாய்ப்பு உண்டு, அதைத்தான் உன் அண்ணனிடம் கேட்டேன். அவன் உடனே சரி என்றான், இந்த முறை நீயும் வந்து நில்லும்மா என்றும் சொன்னான். தானாகவே எடுத்துக்கொள்ளும் வசதி இந்தக் கேமராவில் இருக்கிறது, பொத்தானை அழுத்திவிட்டால் பத்து விநாடி காத்திருந்து எடுக்கும். ஆனால் இதிலும் ஒரு கண்ணி இருப்பது எனக்குத் தெரியும், அளப்பது அழுத்துகிற நேரத்தில்தான். நான் அழுத்தும்போது நடுவில் யாரும் இல்லையென்றால் மறுபடி பீரோவை அளந்து வைத்துக்கொள்ளும், நான் ஓடிப்போய் நின்றும் பயன் இல்லை. உன் அண்ணன், நடுவுல நான் நிக்கிறேன், அழுத்திட்டு நீ வந்ததும் நான் நகர்ந்துக்கறேன் என்றான். உன் அண்ணி, நீங்க நகர்றதுக்குள்ள பொழுது விடிஞ்சிரும் என்றாள். கடைசியில் என் மேஜை நாற்காலியை இழுத்துவந்து நடுவில் போட்டேன். சாப்பாட்டு மேஜைமேல் இரண்டு அகராதிகளை அடுக்கி அதன்மேல் கேமராவை வைத்து, நாற்காலியின் முதுகில் பச்சைக் கட்டம் வந்து உட்கார்ந்ததை இரண்டு முறை பார்த்து உறுதி செய்துகொண்டு, அழுத்தினேன். சிவப்பு விளக்கு மினுக்க ஆரம்பித்தது. உன் அண்ணன், ஓடாதம்மா, விழுந்துடுவ, ஓடாத என்று அங்கிருந்தே கத்தினான். நான் எதற்கு ஓட வேண்டும். நடந்துதான் போனேன், உட்கார்ந்தேன், கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொள்ளவும் நேரம் இருந்தது. அதற்குப் பிறகும் அது எடுக்காமல் மினுக்கிக்கொண்டே இருக்க, உன் அண்ணி, என்ன அத்தை, மேனேஜருக்குக் காத்திருக்குதா என்றாள், அந்தச் சிரிப்பில்தான் படம் விழுந்தது.

அந்தப் படம் இந்த உறையில் இரண்டு என்று எண் போட்டு இருக்கிறது. பிரிண்ட் வந்ததும், தெளிவா தெரியலையா என்று உன் அண்ணனிடம் கேட்டேன். தெளிவாத்தாம்மா இருக்கு, ஆனா நான் சொன்னா எனக்கே உன் ஆசைக்காகச் சொல்ற மாதிரி இருக்கு, நீ சொன்னாலும் அப்படித்தான், தங்கச்சி பாத்துச் சொல்லட்டும், அவ சொன்னா சரி, குடித்தனக்காரங்ககிட்ட அதுக்கப்புறம் பேசறேன் என்றான். உன் அண்ணியைக் கேட்டதற்கு, எனக்கு நீங்க வந்தாலும் சந்தோஷம், இங்கயே இருந்தாலும் சந்தோஷம் அத்தை என்கிறாள், இதை எந்தக் கணக்கில் எழுதிக்கொள்வது என்று இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன். ஆக, தீர்ப்பு உன்னிடம் வந்திருக்கிறது. பெட்டி துடைத்தது துடைத்தபடியே கூடத்தில் கிடக்கிறது, மேனேஜர் மதிலை விட்டு இறங்கிவந்து அதன்மேல் படுத்துக்கொள்கிறது, நான் விரட்டுவதில்லை. என் மனம் என்னவோ இந்த நாட்களில் நன்றாகவே இருக்கிறது. மூன்று பேரும் ஒன்றாகச் சிரித்துப் பல நாள் ஆகியிருந்தது.

தீர்ப்புச் சொல்வதற்கு முன் ஒன்று. இரண்டாம் படத்தைச் சின்னதாகப் பார்த்துவிட்டு வைத்துவிடாதே, ஜன்னல் பக்கம் கொண்டுபோய் நல்ல வெளிச்சத்தில் பார். உன் அண்ணனுக்குக் காதோரம் எவ்வளவு நரைத்துவிட்டது என்று தெரியும். அவன் கண்ணுக்குக் கீழே கருமை இருக்கிறது, தூக்கம் வரவில்லை என்று அவன் சொன்னது வெறும் பேச்சு இல்லை. என் வலது கை நாற்காலியின் கைப்பிடியை இறுக்கிப் பிடித்திருக்கிறது, விரல் முட்டிகள் வெளுத்திருக்கின்றன. உட்கார்ந்தபோது முழங்காலில் பிடித்த வலி அப்போதும் விடவில்லை, அதைத்தான் அந்தக் கை சமாளிக்கிறது. பல்லைக் கடித்துக்கொண்டுதான் சிரித்திருக்கிறேன், அதுவும் தெரிகிறது. இவற்றையெல்லாம் நான் எழுதாமல் விட்டிருக்கலாம். ஆனால் தெளிவாகப் படம் எடுக்கத் தெரியும் என்று பந்தயம் கட்டியவள் அதில் தெரிவதை மறைக்கக் கூடாது, மறைக்க வேண்டுமென்றால் எனக்கு அந்த மங்கல் படமே போதுமே. முழங்காலுக்கு மருத்துவரைப் பார்க்கிறேன், குளியலறையில் பிடித்துக்கொள்ள ஒரு கம்பி வைக்கவும், தையல்கடைக்காரியிடம் ஒரு மாற்றுச் சாவி கொடுத்து வைக்கவும் ஒப்புக்கொள்கிறேன். அதற்கு மேல் நானாக எதையும் விட்டுக்கொடுப்பதாக இல்லை. ஆனால் நீ எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, அம்மா, நீ அண்ணாவோட போய் இரு என்று சொன்னால், போகிறேன். முகம் சுளிக்காமல் போவேன், அந்தக் கழிவுநீர்க் குழாயையும் படம் எடுத்து உனக்கு அனுப்புவேன்.

உனக்கும் மாப்பிள்ளைக்கும் குட்டிக்கும் என் ஆசிகள். உடம்பும் மனமும் நல்லபடியாக இருந்து, ஒருவரை ஒருவர் விட்டுக்கொடுக்காமல் நிறைவாக வாழுங்கள். காலையில் வெறும் வயிற்றோடு வேலைக்குப் போகாதே, காதை மூடாமல் குளிரில் நிற்காதே. ஃபோனில் நீ என்னிடம் ஒன்று சொல்வாய், அண்ணனிடம் ஒன்று சொல்வாய், இரண்டு பேர் மனமும் நோகக் கூடாது என்று பார்ப்பாய், உன் குணம் எனக்குத் தெரியும். அதனால் இந்த ஒரு முறை ஃபோன் வேண்டாம். இரண்டு படங்களையும் பார், உனக்கு என்ன தெரிகிறது, நான் எங்கே இருக்க வேண்டும் என்று நினைக்கிறாய், இரண்டையும் உன் கையால் எழுதி எனக்குத் தபாலில் அனுப்பு.

உன் அன்பு அம்மா